வீட்டுக்கு ஒரு கமரா: வாங்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள்



இம்மாதம் ஓமந்தையிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்துக்கே இந்தப் பக்கத்தை முழுமையாக ஒதுக்கியிருக்கிறோம். அவருடைய குடும்பம் முல்லைத்தீவைச் சேர்ந்தது. 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவர் சின்னஞ்சிறு பிள்ளை. புத்தளத்தில் அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே மணம் முடித்து, இப்போது கணவரின் தொழில் காரணமாக ஓமந்தைப் பக்கம் வந்து குடியிருக்கிறார். சாதாரணதரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்த மகன் ஒரு டிஜிட்டல் கமரா கேட்கிறான். வவுனியா நகரில் விசாரித்தால் ஒரு கடைக்காரர் பன்னிரண்டு மெகாபிக்சல் என்கிறார், இன்னொருவர் இருபத்து நான்கு என்கிறார். எத்தனை மெகாபிக்சல் வாங்கினால் நல்லது என்பதே சகோதரியின் கேள்வி.

கடிதத்தின் கடைசியில் அவர் வேறொன்றும் எழுதியிருக்கிறார். காலஞ்சென்ற வாப்பாவின் படம் ஒன்றுகூட அவர்களிடம் இல்லை. ஊரில் இருந்த படங்கள் எல்லாம் ஊரோடு போய்விட்டன. இப்போது உம்மாவும் தளர்ந்துவிட்டார். உம்மாவையாவது பிள்ளைகள் பார்த்துக்கொள்ள நல்ல படங்களாக எடுத்துவைக்க வேண்டும் என்கிறார்.

சகோதரியே, கேள்விக்குரிய விடை அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. கமராவைத் தெரிவு செய்வதற்கு முன் எதைப் படம் எடுக்கப் போகிறோம், எடுத்ததை எங்கே, எப்படி வைத்துக் காக்கப் போகிறோம் என்ற இரண்டையும் தீர்மானிக்க வேண்டும். அவை தெளிவானால் மெகாபிக்சல் கணக்கு தானாகத் தீர்ந்துவிடும்.

மெகாபிக்சல் மயக்கம்

டிஜிட்டல் படம் என்பது சின்னஞ்சிறு புள்ளிகளின் தொகுப்பு. பத்து இலட்சம் புள்ளிகள் சேர்ந்தால் ஒரு மெகாபிக்சல். 1975இல் அமெரிக்காவின் கொடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியியலாளர் செய்து காட்டிய முதல் டிஜிட்டல் கமராவில் இருந்தவை வெறும் பத்தாயிரம் புள்ளிகள். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 விநாடிகள் பிடித்தன. அங்கிருந்து எவ்வளவோ தூரம் வந்துவிட்டோம்.

ஆனால் ஒரு குடும்பத்துக்கு எத்தனை புள்ளிகள் வேண்டும்? நாம் அல்பத்தில் ஒட்டும் நான்குக்கு ஆறு அங்குலப் படத்தை, ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று மிகத் தெளிவாக அச்சிட வேண்டுமானால் 1200 பெருக்கல் 1800 புள்ளிகள் போதும். அதாவது இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று அதிகம். ஏ-4 தாள் அளவில் சுவரில் மாட்டுவதற்கும் ஒன்பது மெகாபிக்சல் தாராளம். இன்று விற்பனைக்கு வரும் கமராக்கள் பெரும்பாலும் இதைத் தாண்டியே இருக்கின்றன. 12ஐ விட்டு 24ஐ வாங்கினால் படம் இரு மடங்கு தெளிவாகிவிடும் என்று எண்ணவும் வேண்டாம். நீளத்திலும் அகலத்திலும் ஒன்றரை மடங்குகூடக் கூடுவதில்லை. ஆகவே அந்த எண்ணுக்காக மேலதிகப் பணம் கொடுக்காதீர்கள்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியது வேறு. உள்ளே இருக்கும் சென்சர், அதாவது ஒளியை வாங்கும் தகடு, எவ்வளவு பெரியது? சாதாரணச் சிறு கமராவில் அது ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் அகலமும் நாலரை மில்லிமீற்றர் உயரமும் உடையது. சிறுவிரல் நகத்திலும் சிறியது. லென்ஸை மாற்றிப் பூட்டும் கமராக்களில் பரவலாக உள்ள தகடு ஏறக்குறைய 23க்கு 15 மில்லிமீற்றர். பரப்பளவில் இது பன்னிரண்டு மடங்குக்கும் அதிகம். மழைநீரைக் கோப்பையில் ஏந்துவதற்கும் அகன்ற தாச்சியில் ஏந்துவதற்கும் உள்ள வித்தியாசம்தான். வெளிச்சம் நிறைந்த முற்றத்தில் இரண்டும் நல்ல படமே தரும். மஃரிபுக்குப் பின் வீட்டுக்குள்ளே, மண்டபத்தின் மங்கிய விளக்கில்தான் வேற்றுமை புலப்படும்.

படம் என்பது ஒளியன்றி வேறில்லை. இதை ஆராய்ந்து எழுதிய முன்னோடி நம்மவர். பஸ்ராவில் ஏறக்குறைய 965இல் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், தமது கிதாபுல் மனாழிர் என்ற நூலில், கண்ணிலிருந்து ஒளி புறப்படுவதில்லை, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று நிறுவினார். இருட்டறைக்குள் சிறு துவாரம் வழியாக நுழையும் ஒளியைப் பரிசோதித்தார். இன்றைய கமராவும் அடிப்படையில் அதே இருட்டறைதான்.

கையில் இருக்கும் தொலைபேசி

முதல் கமராவை நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டிருக்கவும் கூடும். வீட்டில் ஓரளவு நல்ல கையடக்கத் தொலைபேசி இருந்தால், உம்மாவைப் படம் எடுப்பதற்கு அது போதும். அதை ஒத்திப்போடாதீர்கள். கமராவுக்குப் பணம் சேரும்வரை வயோதிபம் காத்திருக்காது.

ஒரு மாதம் மகனைத் தொலைபேசியாலேயே எடுக்கச் சொல்லுங்கள். எங்கே அது தோற்றுப் போகிறது என்று குறித்துவரச் சொல்லுங்கள். பாடசாலை விளையாட்டுப் போட்டியில் தூரத்தில் ஓடும் தம்பியை எட்டிப் பிடிக்க முடியவில்லையா? அப்படியானால் லென்ஸே நகர்ந்து தூரத்தைக் கிட்டக் கொண்டுவரும் ஒப்டிகல் சூம் உள்ள கமரா வேண்டும். டிஜிட்டல் சூம் என்று பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். அது எடுத்த படத்தை வெட்டிப் பெருப்பிப்பது மட்டுமே. இருளில் படம் கலங்குகிறதா? பெரிய சென்சர் தேவை. ஒன்றிலும் குறை தெரியவில்லையா? கமராவுக்கு வைத்த காசை அச்சிடுவதற்கும் சேமித்துவைப்பதற்கும் செலவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. வட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பும் படம் சுருக்கப்பட்டே போய்ச் சேர்கிறது. அனுப்பிவிட்டோம், அது அங்கே பத்திரமாக இருக்கிறது என்று எண்ணி மூலப் படத்தை அழித்துவிடுகிறவர்கள் பலர். முக்கியமான படத்தை டொக்கியுமன்ட் என்ற பிரிவின் கீழ் அனுப்பினால் சுருங்காமல் போகும். மூலப் படத்தையும் அழிக்காதீர்கள்.

சிறியதா, பெரியதா?

கமராதான் வேண்டும் என்று முடிவானால், சந்தை நிலவரத்தை அறிந்து போங்கள். ஜப்பானியக் கமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி 2010இல் உலகெங்கும் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கமராக்கள் ஏறக்குறைய 12 கோடி. 2023இல் அது 80 இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. தொலைபேசி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. குறைந்த விலைச் சிறு கமராக்களின் பெரும்பாலான வகைகள் நின்றுவிட்டன. கண்ணாடி வைத்த பெரிய கமராக்களை, அதாவது டி.எஸ்.எல்.ஆர். வகையை, விட்டுவிட்டு கெனனும் நிக்கோனும்கூடக் கண்ணாடி இல்லாத புதுவகைக்குத் திரும்பிவிட்டன. ஆகவே சுமாரான விலைக்குத் தேடுகிற தொடக்கக்காரருக்கு இன்று கிடைப்பது பெரும்பாலும் ஒருவர் பாவித்த கமராதான். அதில் இழிவு ஒன்றும் இல்லை. பத்து வருடம் பழைய டி.எஸ்.எல்.ஆர். ஒன்று, 18 முதல் 55 மில்லிமீற்றர் லென்ஸோடு நல்ல நிலையில் கிடைத்தால், படிக்கிற பிள்ளைக்கு அதைவிட நல்ல ஆசான் இல்லை. ஒளி, வேகம், துவாரம் என்ற மூன்றையும் அவன் கையாலேயே திருகிக் கற்றுக்கொள்வான்.

ஆனால் ஒன்று: பெரிய கமரா வீட்டில் அலுமாரிக்குள் இருந்தால் அது கமரா அல்ல, அலங்காரப் பொருள். எப்போதும் பையில் போட்டுக்கொண்டு போகத் தயங்குகிறவருக்குச் சிறியதே மேல்.

பாவித்ததை வாங்குவோர் கவனத்துக்கு

முதலில், அட்டை. பழைய சொனி கமராக்கள் பல மெமரி ஸ்டிக் என்ற தனி அட்டையையும், பழைய ஒலிம்பஸ், பியூஜி கமராக்கள் சில எக்ஸ்.டி. என்ற அட்டையையும் பாவித்தன. அவற்றை இன்று தேடி அலைய வேண்டும். எஸ்.டி. அட்டை போடும் கமராவையே வாங்குங்கள். அதிலும் 2006க்கு முற்பட்டவை பெரும்பாலும் இரண்டு ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட அட்டையைப் படிக்கமாட்டா.

இரண்டாவது, பற்றரி. அந்தக் கமராவுக்கே உரிய பற்றரியும் அதன் சார்ஜரும் இருக்கின்றனவா, புதிய பற்றரி இன்னும் கிடைக்கிறதா என்று பாருங்கள். கடைகளில் கிடைக்கும் சாதாரண ஏ.ஏ. பற்றரியில் இயங்கும் சிறு கமராக்களும் உண்டு. மின்சாரம் அடிக்கடி தடைப்படும் கிராமத்துக்கு அது வசதி. மீண்டும் மீண்டும் ஏற்றக்கூடிய ஏ.ஏ. பற்றரிகள் நான்கு வாங்கிவைத்தால் செலவும் குறையும். ஒரு டோர்ச் பற்றரிகூட வன்னிக்குள் போக முடியாதிருந்த பொருளாதாரத் தடைக் காலத்தை அனுபவித்தவர்களுக்குப் பற்றரியின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாவது, கண்ணும் காதும். லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சணம், வேண்டாம். சூமை முழுதாக நீட்டி மடக்குங்கள். கரகரவென்று மணல் அரைபடும் சத்தம் கேட்டால் அதுவும் வேண்டாம். ஒரு வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் வருகின்றனவா? உள்ளே தூசி இருக்கிறது. உங்களுடைய எஸ்.டி. அட்டையைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே பத்துப் படம் எடுத்து, வீட்டில் கணினியில் பார்த்துவிட்டு மறுநாள் பணம் கொடுங்கள். நேர்மையான வியாபாரி இதற்கு மறுக்கமாட்டார்.

வன்னி வெயிலும் மழையும்

ஓமந்தையின் நண்பகல் வெயிலில் கமராவின் பின்புறத் திரையில் ஒன்றும் தெரியாது. கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு துவாரம் உள்ள கமராவானால் அந்தக் கஷ்டம் இல்லை. கோடையில் தூசி பறக்கும் பாதையில் லென்ஸை நீட்டியபடி கொண்டு திரியாதீர்கள். ஒக்டோபர் தொடக்கம் வரும் மாரி மழைக் காலத்தில் கமராவை மூடிய பிளாஸ்டிக் டப்பாவில், புதுச் சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் சிலவற்றோடு வையுங்கள். தோல் உறைக்குள் மாதக்கணக்கில் பூட்டிவைத்தால் பூஞ்சணம் நிச்சயம்.

முதல்நாளே திகதியையும் நேரத்தையும் சரியாகப் பதியுங்கள். இதைச் செய்யாததால் பெருநாள் படம் எந்த வருடத்தது என்று தெரியாமல் விழிக்கும் குடும்பங்கள் எத்தனையோ! மகனிடம் இன்னொன்றும் சொல்லிவையுங்கள். படைமுகாம், காவலரண் பக்கமாகக் கமராவைத் திருப்ப வேண்டாம்.

மார்க்கமும் ஒழுக்கமும்

படம் எடுப்பது ஆகுமா என்று கேட்போர் இன்னும் உண்டு. அறிஞர்களிடையே இதில் கருத்து வேறுபாடு இருந்து வந்திருக்கிறது. எகிப்தின் தலைமை முப்தியாக இருந்த ஷெய்க் முஹம்மத் பகீத் அல்முதீஈ, கமரா புதிதாக உருவம் படைப்பதில்லை, கண்ணாடியில் தெரிவதுபோன்ற நிழலைத் தடுத்துவைக்கிறது என்று விளக்கி, ஆகும் என்று தனி நூலே எழுதினார். ஏற்காதவர்களும், தேவை அளவுக்கு மட்டும் ஏற்றவர்களும் உள்ளனர். உங்களுக்கு நம்பிக்கையான ஆலிமிடம் கேட்டு அதன்படி நடந்துகொள்ளுங்கள்.

ஆனால் எல்லாத் தரப்பாரும் ஒத்துக்கொள்ளும் ஒழுக்கம் ஒன்றுண்டு. பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு நுழையும்படி நம் மார்க்கம் கற்றுத் தந்திருக்கிறது. கமராவும் ஒரு வாசல்தான். கல்யாண வீட்டுப் பெண்கள் பகுதியில், மையித்து வீட்டில், நோயாளியின் கட்டிலருகில், கேளாமல் எடுக்கக் கூடாது. எடுத்த படம் அமானிதம். கேளாமல் மற்றவருக்கு அனுப்பவும் கூடாது. பிள்ளையிடம் கமராவைக் கொடுக்கும் நாளிலேயே இதையும் சேர்த்துக் கொடுங்கள்.

எதை எடுப்பது?

உம்மாவை எடுக்கும்போது ஸ்டூடியோவில் இருப்பதுபோல விறைப்பாக உட்காரவைக்க வேண்டாம். காலை எட்டு மணியளவில் ஜன்னலருகே ஒரு கதிரையைப் போட்டு, முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சம் விழ உட்காரச் செய்யுங்கள். பிளாஷை அணைத்துவிடுங்கள். சிறு கமராவின் பிளாஷ் எட்டுவது மூன்று நான்கு மீற்றர் தூரம்தான். கிட்ட இருந்தால் முகத்தை வெளிறடிக்கும். பேசிக்கொண்டே எடுங்கள். முகத்தை மட்டுமன்றி, தஸ்பீஹ் பிடித்த கையையும், அவர் நாள் முழுதும் இருக்கும் இடத்தையும் எடுங்கள். கமராவிலேயே வீடியோ இருக்கிறது. முல்லைத்தீவில் வீடு எங்கே இருந்தது, யார் யார் அயலவர், பள்ளிவாசல் எப்பக்கம் என்று அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பதியுங்கள். வாப்பாவின் படம் இல்லாவிட்டாலும் வாப்பாவின் நடை, பேச்சு, தொழில் எல்லாம் உம்மாவின் நாவில் இருக்கின்றன.

அடுத்து, உறவினர் வீடுகளில் எஞ்சியிருக்கும் பழைய படங்கள். கொழும்பிலோ நீர்கொழும்பிலோ 1990க்கு முன்பே போய்க் குடியேறிய உறவினர் ஒருவரது அல்பத்தில், ஏதோ ஒரு கல்யாணக் கூட்டப் படத்தில், நீங்கள் தேடும் முகம் ஓரமாக நின்றுகொண்டிருக்கலாம். கேட்டுப் பாருங்கள். கிடைத்தால், அல்பத்தின் பிளாஸ்டிக் உறையிலிருந்து மெதுவாக வெளியே எடுத்து, ஜன்னலருகே மேசையில் சமமாக வைத்து, நேர் மேலேயிருந்து, பூப் போன்ற அடையாளமுள்ள கிட்டப்படப் பிரிவில், பிளாஷ் இல்லாமல் எடுங்கள். ஒட்டிப்போயிருந்தால் பிடுங்க வேண்டாம், உறையோடேயே எடுங்கள். பின்புறத்தில் எழுத்து இருந்தால் அதையும் எடுங்கள்.

அப்படியே பிறப்பு அத்தாட்சி, விவாகப் பதிவு, காணி உறுதி ஆகியவற்றையும் எடுத்துவையுங்கள். படம் சட்டப்படியான பிரதி ஆகாது. ஆனால் உறுதி இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் கையில் இருந்தால் காணிப் பதிவகத்தில் தேடிப் பிரதி எடுப்பது எவ்வளவோ இலகு. மீள்குடியேறச் சென்றவர்கள் இதன் அருமையை நன்கறிவர்.

எடுத்ததைக் காப்பது

இனி மிக முக்கியமான விடயம். 1990இல் ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் வடக்கைவிட்டு வெளியேறியபோது அல்பம் தூக்க யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை. 2009இல் போரின் முடிவில் வன்னித் தமிழ்க் குடும்பங்கள் வெறுங்கையோடு வந்து பதியப்பட்டதும் இதே ஓமந்தையில்தான். அவர்களுடைய அல்பங்களும் பதுங்குகுழிகளிலும் பாதையோரங்களிலும் கிடந்து அழிந்தன. இரு சாராருக்கும் நேர்ந்த இழப்பு ஒன்றே: இருந்த படங்கள் ஒரே வீட்டில் இருந்தன.

டிஜிட்டல் படம் இந்த ஒரு விடயத்தில் பழைய படத்தைவிட மேலானது. எத்தனை பிரதி எடுத்தாலும் ஒவ்வொன்றும் மூலத்துக்குச் சமம். அதைப் பயன்படுத்திக்கொள்ளாவிட்டால் டிஜிட்டல் கமரா வாங்கியதில் பயனே இல்லை. தொலைபேசி தண்ணீரில் விழுந்தால், அட்டை பழுதானால், ஆயிரம் படமும் ஒரு நொடியில் போய்விடும். அல்பமாவது கறையான் அரிக்க வருடம் எடுக்கும்.

ஆகவே மூன்று செய்யுங்கள். ஒன்று, கணினியில் அல்லது வெளியே பூட்டும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி. இரண்டு, அதே போன்ற இன்னொரு பிரதி வேறு ஊரில், வேறொரு வீட்டில். புத்தளத்தில் ஒரு காலும் வன்னியில் ஒரு காலுமாக வாழும் நமக்கு இது சிரமமில்லை. விடுமுறைக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரலாம். இன்டர்நெட்டில் சேமித்துவைப்பதும் நல்லதே. ஆனால் கடவுச்சொல்லை வீட்டில் இருவர் அறிந்திருக்க வேண்டும். மூன்று, வருடத்துக்கு இருபது படமாவது கடதாசியில் அச்சிடுங்கள். பின்புறத்தில் பெயர், ஊர், திகதி எழுதுங்கள். அழுத்தி எழுதினால் முன்பக்கம் தழும்பு விழும். மெல்லிய மார்க்கர் பேனையால் மெதுவாக எழுதி, மை காய்ந்த பின் அடுக்குங்கள்.

பென் டிரைவும் சி.டி.யும் என்றென்றும் இருப்பவை என்று எண்ணிவிட வேண்டாம். ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையிலும் திறந்து பார்த்து, படங்கள் சரியாக இருக்கின்றனவா என்று உறுதி செய்யும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பொறுப்பை மகனுக்கே கொடுங்கள். கமரா கேட்ட பிள்ளைக்குக் குடும்பத்தின் பதிவாளர் என்ற பதவியும் கிடைக்கட்டும்.

செலவுக் கணக்கையும் இதன்படியே போடுங்கள். கையில் உள்ள தொகையை மூன்றாகப் பிரித்து, இரண்டு பங்குக்குள் கமராவை முடித்துக்கொண்டு, ஒரு பங்கை ஹார்ட் டிஸ்க்குக்கும் அச்சுக்கும் ஒதுக்குங்கள். கடன்பட்டோ வட்டித் தவணைக்கோ வாங்க வேண்டாம். விலை குறைந்த கமராவில் எடுத்து இரண்டு ஊரில் பாதுகாத்த படம், விலை உயர்ந்த கமராவில் எடுத்துத் தொலைத்த படத்தைவிட நூறு மடங்கு பெறுமதியானது.

எடுத்த பழைய படங்களில் கறை நீக்குவது, மங்கியதைத் தெளிவாக்குவது எப்படி என்பதை அடுத்த இதழில் இன்ஷா அல்லாஹ் பார்ப்போம்.

வஸ்ஸலாம்.